கலரைப் பாத்து போதையை எடை போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம் சார்,

ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல பீர் வகைங்களைப் பத்தி வந்த பக்கத்தைப் படிச்சேன். நம்ம தமிழ் பேப்பர்ல செம்பு நிறத்துல இருக்குற ஆம்பர் ஏல்ங்கிற பீர் வரைக்கும் எழுதுறாங்களேன்னு நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா கலர் அடர்த்தியா இருந்தா ஸ்ட்ராங், வெளிர் மஞ்சளா இருந்தா லேசுன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அது தப்பு சார். சின்ன விஷயம்னு விட மனசு வரல, அந்த வரியை நம்பி மஞ்சளா இருக்குறதைக் குடிச்சிட்டு நம்மளுக்கு ஒண்ணும் ஏறலைன்னு ஒருத்தர் ஓஎம்ஆர்ல பைக்கை எடுத்தா என்ன ஆவுறது?

பெங்களூர்ல ஒரு மைக்ரோப்ரூவரியில பீர் காய்ச்சுற பக்கம் ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு இப்ப கொரட்டூர்ல இருக்கேன், அதனால அந்தக் கலர் எங்கேர்ந்து வருதுன்னு சொல்ற உரிமை எனக்கு இருக்குன்னு நினைக்கிறேன். பார்லியை ஊறவெச்சு முளைகட்டி காயவெச்சா அது சாதா மால்ட், பல்லுல கடிச்சீங்கன்னா உள்ள வெள்ளையா மாவா இருக்கும். ஆம்பர் ஏலுக்குப் போடுறது இதோட கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட், கேரமல் மால்ட்னும் சொல்லுவாங்க. முளைவிட்ட பார்லியை காயவிடாம ஈரத்தோடயே 65, 70 டிகிரி சூட்டுல வெச்சிருப்பாங்க, உமிக்குள்ளயே மாவு சர்க்கரையா மாறிடும், அப்புறம் சூட்டை ஏத்தி வறுப்பாங்க. அதைக் கடிச்சா மாவே இருக்காது, கண்ணாடி மாதிரி நொறுங்கி கமர்கட்டு கணக்கா பல்லுல ஒட்டிக்கும். மொத்த தானியத்துல பத்து, பதினஞ்சு பர்சென்ட் இதைச் சேர்த்தாலே போதும், செம்பு நிறம் வந்துடும். முக்கியமான விஷயம் என்னன்னா, இதுல இருக்குற சர்க்கரையில ஒரு பங்கை பீரை நொதிக்க வெக்கிற ஈஸ்ட்ங்கிற நுண்ணுயிரால சாப்பிடவே முடியாது, அது பீர்லயே தங்கி இனிப்பும் கனமும் குடுக்கும். ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிட்டாதானே ஆல்கஹால் வரும். ஆக கலர் குடுக்குற மால்ட்டால போதை பெருசா கூடுறதில்லை. இன்னொரு பக்கம் அரிசியும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சினா கலர் ஏறாமலே ஆல்கஹால் மட்டும் ஏறும், நம்ம ஊர்ல மஞ்சளா இருக்குற ஸ்ட்ராங் பீர் பலதுல நடக்குறது இதுதான்.

1980கள்ல அமெரிக்காவோட மேற்குக் கரையில சின்னச் சின்ன ப்ரூவரிங்க ஆரம்பிச்சு வெச்ச வகை இந்த ஆம்பர் ஏல், மால்ட் இனிப்பையும், ஹாப்ஸ்னு பீர்ல போடுற ஒரு கொடியோட பூ குடுக்குற சிட்ரஸ் வாசனையையும் கசப்பையும் ஒண்ணுக்கொண்ணு சமமா நிறுத்துறதுதான் இதுல வித்தையே. அங்க பீர் போட்டிங்கள்ல ஜட்ஜ் பண்றவங்க வெச்சிருக்குற வழிகாட்டியில இதுக்கு ஆல்கஹால் 4.5லேர்ந்து 6.2 சதவீதம்னுதான் இருக்கு. கருப்பா இருக்குற கின்னஸ் ட்ராஃப்ட்ங்கிற பீர் 4.2 சதவீதம்தான். கொலராடோவுல நியூ பெல்ஜியம் கம்பெனி 1991லேர்ந்து போட்ட ஃபேட் டயர் இந்த வகையில ரொம்பப் பேர் வாங்கின பீர், 2023ல அதை மாத்தி வெளிர் தங்க நிறமா ஆக்கிட்டாங்க, எனக்கு அதுல வருத்தம்தான், ஆனா கலர் போனாலும் ஆல்கஹால் அதே 5.2லயே நிக்குது. இதைவிட என்ன சாட்சி வேணும் சார்?

இப்ப நம்ம கடைக்கு வாங்க. மஞ்சளா இருக்குற 650 எம்எல் ஸ்ட்ராங் பாட்டில், 8 சதவீதம்னா உள்ள 52 எம்எல் ஆல்கஹால். 330 எம்எல்ல 5 சதவீத ஆம்பர் ஏல்னா 16.5 எம்எல். மஞ்சளா இருக்குறதுல மூணு மடங்குக்கும் மேல இருக்கு, கட்டுரையில இருந்தது நேர் தலைகீழ். ரத்தத்துல 100 எம்எல்லுக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே வண்டி ஓட்டுறது குத்தம்னு மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு சொல்லுது, ஊதச் சொல்ற போலீஸ்காரர் கலரைக் கேக்க மாட்டார். குடிச்சா வண்டியைத் தொடாதீங்க, அது எந்தக் கலரா இருந்தாலும் சரி.

லேபிள்ல ஆல்கஹால் அளவு போடணும்னு சட்டமே இருக்கு, ஆனா பொடி எழுத்துல ஓரமா இருக்கும், கடை வெளிச்சத்துல என் வயசுக்காரங்களுக்குக் கண்ணுக்கே தெரியாது. கவுன்ட்டர்ல கேட்டாலும் ஸ்ட்ராங்கா லைட்டான்னுதான் திருப்பிக் கேப்பாங்க, பீரோட ரெண்டு பெரிய வகைங்கள்ல இது ஏலா லாகரான்னு சொல்ல ஆள் இல்ல. அதனாலதான் ஜனங்க கலரைப் பாத்து முடிவு பண்றாங்க, அதுக்கு நம்ம பேப்பரும் துணை போகக் கூடாது.

அதே இணைப்புல அதே அளவு எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க சார். பீரைப் பத்தி மறுபடி எழுதினா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சதவீதத்தையும் பாட்டில் அளவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க, எழுதுறவங்களுக்கு மால்ட், ஈஸ்ட் பத்தி ஏதாவது சந்தேகம்னா நான் உக்காந்து விளக்கிச் சொல்ல ரெடி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொரட்டூர், சென்னை