வலி தணிப்பு இல்லத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

குடமுருட்டிக் கரையில் உள்ள நமது இல்லத்தின் சீரமைப்பு தை மாதத்தோடு நிறைவடைந்தது. கோயில் வேலைக்கு உரிய சொல்லை இதற்கு வைக்கலாமா என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். ஒரு மனிதர் வலியில்லாமல் கண்மூடும் இடத்தைச் செப்பனிடுவதற்கு வேறு சொல் எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்த வேலை தொடங்கிய காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு வந்த பெரியவர் ஒருவர், காலமெல்லாம் வயலிலேயே இருந்தவர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது என்று கேட்டதிலிருந்து, "தண்ணி வந்துடுச்சா?" என்று தினமும் விசாரிப்பார். கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று, அவரைக் கட்டிலோடு வெளியே கொண்டுவரப் பார்த்தோம். வாசக்காலில் கட்டில் நுழையவில்லை. தூக்கி உட்காரவைத்தால் வலி தாங்காது. ஆயா ஒரு செம்பில் வாய்க்கால் தண்ணீரை மொண்டுவந்து அவர் கையை நனைத்தார். அந்தக் குறை எங்கள் எல்லோருடையதும்தான். அவர் போன பிறகு கூடிய செயற்குழுவின் முதல் தீர்மானம், கதவுகளை அகலப்படுத்துவது.

இப்போது எல்லா அறைக்கும் நாலரை அடிக் கதவு, கீழ்ப்படி இல்லை. எந்தக் கட்டிலையும் ஆற்றைப் பார்த்த திண்ணை வரை தள்ளிக்கொண்டு போகலாம். களிமண் பூமி, ஐப்பசியில் தண்ணீர் ஏறும் என்பதால் பேஸ்மட்டத்தை இரண்டரை அடி உயர்த்தினோம். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 30 அடி வந்தது; இடம் போதாமல் மடக்கிக் கட்டியிருக்கிறோம். அடைமழையில் வேலை நின்றுபோனதே தாமதத்துக்குக் காரணம்.

வரைபடத்தில் கட்டில்களின் தலைமாடு வடக்கே இருந்தது. "வராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதேம்பாங்க, இவங்களை அப்படிப் படுக்க வைக்கலாமா?" என்று கேட்டவரும் அதே ஆயாதான். பொறியாளர் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொடுத்தார்.

புண் கட்டும் அறைக்குக் காற்று ஊடாடும்படி எதிரெதிர் ஜன்னல்கள் வைத்திருக்கிறோம். ஆறாத புண்ணின் வாடைக்குக் கூசி, பெற்ற பிள்ளையிடம்கூட முகம் காட்டாதவர்கள் உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் வாடை பெரிதும் தணியும். விலை குறைந்த மருந்து; மனிதருக்கு மானத்தைத் திருப்பித் தருகிறது.

மருந்தறையில், அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்தாகிய மார்பினுக்கு இரட்டைப் பூட்டு அலமாரியும் பதிவேடும் வைத்தாயிற்று. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைக்காமல், பல ஆண்டுகள் வலியோடு போனவர்கள் ஏராளம். 2014-இல் அதைத் திருத்திய பிறகு வழி சற்றுத் திறந்தது. ஆனாலும் "அடிமையாகிவிடுவாரே" என்ற பயம் உறவினர்களிடம் போகவில்லை. வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம் என்று உறுப்பினர்கள் உங்கள் ஊரில் எடுத்துச் சொல்லுங்கள். மார்பினின் சாதாரண மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம், வலி வரும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கு மருந்தும் கூடவே வேண்டும்.

கட்டில்களை ஏன் கூட்டவில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். பலருக்கும் சொந்த வீட்டில் இருப்பதே விருப்பம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீடு தேடிப் போய் ஆதரவுச் சிகிச்சை தருகிறது. வீட்டில் வலி அடங்காதவர், பார்க்க ஆளில்லாதவர் இங்கே வரட்டும். அவர்களை நன்றாகப் பார்க்க முடிந்த அளவுக்கே கட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு.

இன்னொரு மாற்றம், செலவே இல்லாதது. முன்பு இறந்தவர்களைக் கொல்லைப்புறமாக வண்டியில் ஏற்றுவோம், மற்ற நோயாளிகள் பார்க்கக்கூடாது என்று. அவர்களிடமே கேட்டபோது, "எங்களையும் அப்படித்தான் கொண்டுபோவீங்களா?" என்றார் ஒரு அம்மாள். இனி எல்லோரும் வாசல் வழியாகவே போவார்கள், தலைமாட்டில் விளக்கேற்றிய பிறகு.

தணிக்கை செய்த வரவு செலவு இத்துடன் உள்ளது. திண்ணைக்கு மேல் கூரை மட்டும் பாக்கி. மேட்டூர் திறப்பதற்குள் அதையும் போட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு