முதல்வர்களே, நூலகரின் பயிற்சிக்கும் ஒரு 30 மணி நேரம் ஒதுக்குங்கள்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றில் 19 வருடமாக நூலகராக இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் நாளைக் காலை உங்களில் ஒருவர் என்னை அறைக்குக் கூப்பிட்டுவிடுவார்.

போன மாதம் பொது மருத்துவம் படிக்கும் ஒரு பிஜி மாணவி வந்தாள். அரளி விதை நஞ்சால் இதயத்துடிப்பு என்னவாகிறது என்பதுதான் தீசிஸ். கையில் 12 கட்டுரைகளின் பட்டியல். "மேடம், இதில் மூணு பேப்பர் எங்கேயுமே கிடைக்கல, எடுத்துத் தர்றீங்களா?" தேடினேன். பத்திரிகை உண்மையானது, வருடம் சரி, வால்யூம் எண்ணும் சரி, ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் இடுப்பெலும்பு முறிவைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் இதே கதைதான். அந்த மூன்று கட்டுரைகளையும் உலகத்தில் யாருமே எழுதவில்லை, சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த பட்டியல் அது. பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏமாற்ற நினைத்து வந்தவள் இல்லை, தேடுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, உட்கார் என்று சொல்லி முதலிலிருந்து தேடினோம். அவள் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில், அரளியின் ஆங்கிலப் பெயரான 'ஒலியாண்டர்' என்று மட்டும் போட்டிருந்தாள், அதில் செவ்வரளியும் சேர்ந்து வந்து நிற்கும். அவளுக்கு வேண்டியது மஞ்சள் அரளி. அதன் தாவரப் பெயரோ ஊர் மாறும் பிள்ளை போல மாறிக்கொண்டே வந்திருக்கிறது: பழைய கட்டுரைகளில் தெவேட்டியா நெரிஃபோலியா, அப்புறம் தெவேட்டியா பெருவியானா, இப்போது கஸ்காபேலா தெவேட்டியா. எல்லாப் பெயரையும் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') போட்டுக் கோத்து, கட்டுரைகளைப் பொருள்வாரியாகக் குறிக்க பப்மெட் வைத்திருக்கும் மெஷ் சொல்லையும் சேர்த்து ஓட்டியதும் அவள் பட்டியலில் இல்லாத ஒரு முக்கியமான ஆய்வு மேலே வந்தது. இலங்கையில் இதே நஞ்சுக்கு, டிகாக்ஸின் என்ற இதய மருந்துக்கான எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அங்கே இந்தச் செடிக்கு அலரி என்று பெயர். மொத்தம் 40 நிமிட வேலை.

இந்த 40 நிமிடத்தை எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நான் படித்த நூலக அறிவியல் பட்டத்தில் பகுப்பாக்கமும் அட்டவணையும்தான் இருந்தன, பப்மெட் ஒரு பத்தியில் வந்து போனது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இலவசமாகப் போட்டிருக்கும் பாடங்களை ஞாயிற்றுக்கிழமைகளில், என் சொந்த டேட்டாவில் பார்த்துக் கற்றது இது. மெஷ் சொற்களை வருடா வருடம் மாற்றுகிறார்கள், அதனால் ஒரு தடவை கற்று மூட்டை கட்டி வைக்கவும் முடியாது. ஒருமுறை, தேடல் முறை பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கு ஓடி (ஆன் டியூட்டி, பணி நாளாகவே கணக்கில் வரும் அனுமதி) கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஸ்டாக் வெரிஃபிகேஷன் (புத்தகக் கணக்கெடுப்பு) நடக்கிறது, வேண்டுமென்றால் சிஎல் (தற்செயல் விடுப்பு) போட்டுப் போங்கள் என்று பதில் வந்தது. "லைப்ரரியனுக்கு எதுக்கும்மா ட்ரெயினிங்?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

எதற்கென்றால், 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது மாதிரி இன்னொன்று நடக்காமல் இருக்க. ஆஸ்துமா ஆய்வு ஒன்றுக்காக, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 24 வயதுப் பெண்ணை ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை சுவாசிக்க வைத்தார்கள். நுரையீரல் கெட்டு ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். ஆய்வாளர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடித்தான் இருந்தார், ஆபத்தாக எதுவும் கண்ணில் படவில்லை. அன்றைய பப்மெட் 1966-க்கு முன்னால் போகாது. அந்த மருந்து நுரையீரலைத் தாக்கும் என்ற கட்டுரைகளோ 1950-களிலேயே வந்தவை, அச்சில் இருந்தன. அமெரிக்க அரசு கொஞ்ச நாள் அங்கே தன் நிதியில் நடந்த மனித ஆய்வுகளையே நிறுத்தி வைத்தது. எந்தத் தரவுத்தளம் எந்த வருடத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்து வைத்திருப்பது எங்கள் வேலை, ஆனால் எங்களைக் கேட்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது ஆய்வுப் பத்திரிகைகளுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 பத்திரிகைகள், 2025 ஜனவரியிலிருந்து அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பெயரைப் போட்டு மற்ற மூன்றை விட்டுவிடும் பிள்ளைக்கு 13,000 பத்திரிகை இருந்தும் என்ன பயன்?

எங்கள் பக்கமும் குறை உண்டு, மறைக்கவில்லை. சாவியும் லெட்ஜரும் போதும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் எங்களில் உண்டு. நூலகர் தினமான ஆகஸ்ட் 12 வந்தால் இந்திய நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, 500 பேர் சேரும் வெபினாரில் கேமராவை அணைத்துவிட்டு, ஃபார்மை நிரப்பி இ-சர்டிஃபிகேட் வாங்குபவர்களும் உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன், ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கிறது. அதைப் பயிற்சி என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமான ஒரு தீசிஸ் கேள்வியை எடுத்து, ஒருவர் எழுதிய தேடலை இன்னொருவர் வரிக்கு வரி திருத்த வேண்டும். அதற்கென்றே பிரெஸ் என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது, 2015-இல் புதுப்பித்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் நாலு பேர் மாதம் ஒரு மதியம் கூடினாலே செய்துவிடலாம்.

மருத்துவர்களான உங்களுக்கு ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் சிஎம்இ, அதாவது தொடர் மருத்துவக் கல்வி. அதே 30 மணி நேரத்தை எங்களுக்கும் கொடுங்கள், ஓடியோடு, கட்டணத்தையும் கல்லூரி கட்டட்டும். அப்புறம், பிஜி மாணவர்கள் தீசிஸ் திட்டத்தை முன்வைக்கும் சினாப்சிஸ் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுக்கும் வாரத்தில் எங்களிடம் வந்தால், இல்லாத கட்டுரையை இல்லை என்று சொல்வதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பயிற்சியை மறுபடி அறிவித்திருக்கிறார்கள். ஓடிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இந்த வருட ஸ்டாக் வெரிஃபிகேஷன் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு மருத்துவக் கல்லூரி நூலகர்