கவசத்தகடு கடைசியில்

அன்புள்ள கயல்,

மாடல் பெட்டியின் படம் வந்தது. 28 மி.மீ. அளவில், அதாவது 1/56 அளவில், ஒரு சிக்ஸ் பவுண்டர் (பிரிட்டிஷ் டாங்க் எதிர்ப்புப் பீரங்கி), ஆட்கள் மூவர், எல்லாம் ஈயக்கலவை வார்ப்பு. இரண்டாம் உலகப் போரில் எகிப்துப் பாலைவனத்தில் நடந்த எல் அலமைன் சண்டைக்குத்தான் என்றால் முதலில் குழலைப் பார். பெட்டியில் இரண்டு குழல் இருக்கிறது. நுனியில் மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் குமிழ்) உள்ள நீளக்குழல் மார்க் 4, பிற்பாடு வந்தது. 1942 அக்டோபரில் பாலைவனத்தில் நின்றது மொட்டை நுனி மார்க் 2. அதன் நீளம் 57 மி.மீ. வாய் விட்டத்தைப்போல 43 மடங்கு. 1/56 அளவில் ஏறக்குறைய 44 மி.மீ. வரவேண்டும்.

முறைப்படி குழுவுக்கு ஆறு பேர். மூவர் போதுமா என்று தயங்காதே. அந்தச் சண்டையில் ‘ஸ்னைப்’ என்று பெயரிட்ட பிரிட்டிஷ் காவல்நிலையில் 19 பீரங்கிகள் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்தபோது, ஆள் குறைந்த ஒரு பீரங்கிக்குப் பட்டாலியன் தளபதி விக்டர் டர்னரே குண்டு போட்டார். அன்றைய சண்டைக்காக அவருக்கு பிரிட்டனின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆகவே, மூவர் குழு சரித்திரத்துக்கு ஒவ்வாததல்ல. குறிபார்ப்பவன் இடப்பக்கம், குண்டு போடுபவன் பின்னால் வலப்பக்கம்.

உதிரிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய். வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிவந்த பவுடர் இருந்தால் பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. குழலில் வார்ப்பு அச்சு விட்ட கோட்டை அரத்தால் ஒரே இடத்தில் ராவாதே, அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். குழலை உருட்டிக்கொண்டே ராவு. வளைந்திருந்தால் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்து. ஒரே அழுத்தில் நிமிர்த்தப் பார்த்தால் ஒடிந்துவிடும்.

பிளாஸ்டிக் மாடலுக்கான பசை இதில் செல்லாது. சூப்பர் க்ளூதான், ஊசிமுனை அளவு. அதிகம் வைத்தால் காய்வதும் தாமதம், சுற்றிலும் வெள்ளைப் படலமும் பூக்கும். இன்னொரு குறை, இந்தப் பசை இழுவையைத் தாங்கும், பக்கவாட்டு அடியைத் தாங்காது. பின்னால் விரியும் இரண்டு கால்களும் மேசையில் கைபட்டு உடைவது அதனால்தான். கால் சேரும் இடத்தில் 1 மி.மீ. துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை வெட்டிச் செருகு.

ஒட்டுமுன் எல்லாவற்றையும் ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கும் களிம்பு) வைத்து நிறுத்திப் பார். சமமான டைல் துண்டின்மேல் இரண்டு சக்கரமும் இரண்டு கால் நுனியும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். ஒரு சக்கரம் தூக்கி நின்றால் கோளாறு பெரும்பாலும் சக்கர அச்சில் இருக்காது, கால்கள் விரிந்த கோணத்தில் இருக்கும். பசை இறுகுமுன் திருத்தினால் உண்டு.

இனி முக்கியமான விஷயம். ஆட்களை மறைக்கும் முன்பக்கக் கவசத்தகட்டை இப்போதே ஒட்டாதே. ஒட்டிவிட்டால் அதன் உட்புறம், பிரீச் (குண்டு போடும் பின்பகுதி), குறிபார்க்கும் தொலைநோக்கி மூன்றுக்கும் பிரஷ் போகாது. வண்டியோடு குழல் ஒன்று, தகடு ஒன்று, ஆட்கள் தனித்தனி என்று பிரித்து வைத்துப் பெயின்ட் அடி. தகடு ஒட்டவேண்டிய இடத்தில் மட்டும் மாஸ்கிங் டேப் துண்டு போடு, பெயின்ட்டின்மேல் ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்து வரும்.

ப்ரைமர் (முதல் பூச்சு) ஸ்பிரேயை 20–30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடி. தூரம் கூடினால் வழியிலேயே காய்ந்து மணல்போல ஒட்டும். உன் ஊர் மழை நாளில் அடிக்கவே வேண்டாம்.

வெளிர் மணல் நிறம் இரண்டு நீர்த்த பூச்சு. அதன்பின் பழுப்பு வாஷ், அதாவது நன்றாக நீர்த்த பெயின்ட். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். தகடு முழுக்க அதை ஊற்றினால் காபி கறைபோல விளிம்பு கட்டிவிடும். ஆணித்தலைகளையும் மடிப்புகளையும் சுற்றி மட்டும் நுனிப்பிரஷ்ஷால் விடு. டயருக்குச் சுத்தக் கறுப்பு கூடாது, கருஞ்சாம்பல் அடித்து, மேலே மணல் நிறத்தை டிரை பிரஷ் செய், அதாவது பெயின்ட்டைத் துடைத்த காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தடவு. வெறும் எஃகு தெரியவேண்டியது பிரீச் கட்டையில் மட்டும்.

பிறகு தகட்டை ஒட்டு. ஆட்களை ஒட்டுமுன் குறிபார்ப்பவன் முகம் தொலைநோக்கிக்கு நேராக வருகிறதா என்று பார், கால் மி.மீ. தப்பினாலும் அவன் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பேஸில் ஃபெவிகால் தடவி மணல் தூவும்போது, சக்கரத்தின் அடி கொஞ்சம் புதையும்படி விடு. அங்கே பீரங்கிகளைத் தோண்டி இறக்கித்தான் வைத்திருந்தார்கள்.

கடைசியாக மேட் வார்னிஷை (பளபளக்காத காப்புப் பூச்சு) அடிக்குமுன் கேனை 2 நிமிடமாவது குலுக்கு.

அன்புடன்,
அப்பா