மேலே ஓரம் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் விமானி வேலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விமானத்தைத் தானாகவே ஓட்டும் ஆட்டோபைலட் கருவி வந்தபிறகு விமானிக்குப் பெரிதாக வேலை இல்லை என்று ஒரு வரி. பெரிய விமானத்துக்கு அது பாதி சரி. நான் அமெரிக்காவில் எட்டு ஆண்டுகள் இரவுப் பார்சல் ஏற்றிப் பறந்த பைப்பர் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் ஆட்டோபைலட்டும் இல்லை, பக்கத்தில் இன்னொரு விமானியும் இல்லை. வாடகைக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போக அந்த நாட்டு விதிப்படி இரண்டில் ஒன்று வேண்டும். பார்சலுக்கு வேண்டாம். ஓட்டுகிறவனும் பார்சல் கணக்குதான் போல.

மாஞ்சோலை மலைப் பாதையில் மேகம் இறங்கினால் பஸ்ஸை ஓரங்கட்டலாம். மேலே ஓரம் கிடையாது. மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாது; உடம்பின் சாய்வை உணர்த்தும் உட்காதையும் நம்ப முடியாது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அரை நிமிடத்துக்குள் நேராகப் போவது போலவே தோன்றும். அதனால் வரைபடத்தை இரண்டு மூன்று விநாடி பார்ப்பது, உடனே கண், விமானம் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் அடிவானக் கருவிக்குத் திரும்புவது, இப்படியே போகும். ஒருநாள் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால் விமானமே குட்டிக்கரணம் போடுவதாகத் தலை சுற்றியது. உண்மையில் இறக்கை 40 டிகிரி சாய்ந்திருந்தது. மறுநாளே பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். லீவில் ஊருக்கு வந்தபோது ஆச்சி அதைத் தாயத்து என்று நினைத்துவிட்டாள்.

இறங்குவதற்கான வேலையை இறங்கும்போது செய்யக் கூடாது. அந்த ஊர் வானிலை, ரேடியோ அலைவரிசை, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் எந்த உயரத்தில் இறங்குவதைக் கைவிட்டு எந்தப் பக்கம் ஏறுவது, எல்லாவற்றையும் உயரத்தில் சும்மா போகும்போதே முடித்துவிடுவேன். மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் ட்ரிம் சக்கரத்தைச் சரியாக வைத்துவிட்டால், கையை எடுத்தாலும் மூக்கு ஏறாது, இறங்காது. குறிப்பு எழுதும்போது, வால் சுக்கானைத் திருப்பும் ரட்டர் கால்மிதியால் இறக்கை சாயாமல் லேசாகப் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. விமானத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து புது வழியை மடமடவென்று வாசிப்பார்கள். 'ஸ்டாண்ட் பை', அதாவது கொஞ்சம் பொறுங்கள், என்று சொல்ல முதல் வருடம் முழுக்க வெட்கம். உடனே இங்கிலீஷில் பதில் சொல்லாவிட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களோ என்று. சொன்னபிறகு யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, காத்திருந்தார்கள். வேலை ரொம்ப முட்டினால், வட்டமடித்துக் காத்திருக்க இடம் கேட்டாலும் கொடுப்பார்கள்.

நம் பக்கத்திலிருந்து பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு மேகத்துக்குள் சில மணி நேரமாவது கேட்டு வாங்கிப் பறக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானி,
பாளையங்கோட்டை.