மணல் குவித்துப் படம் பார்த்தவர்கள்

கம்பம்

அன்பு மகளுக்கு,

பென்சில்வேனியாவில் ஒரு குடும்பம் நடத்தும் டிரைவ்-இன் தியேட்டரில் காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்த்ததைப் பற்றி எழுதிவிட்டு, அது இன்றும் ஓடும்போது நம் தாத்தாவின் டூரிங் டாக்கீஸ் மட்டும் ஏன் நின்றுபோனது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமல்ல என்பதால் எழுதுகிறேன்.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் தொழிலை 1905-இல் தொடங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே வேலையை விட்டுவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு புறப்பட்டவர். தாத்தா அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்வார். நம் கொட்டகைக்குக் கீற்றுக் கூரை, மணல் தரை. மதுரையிலிருந்து படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கும். கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் பெண்கள் கூலிக் காசோடு நேராகக் கொட்டகைக்கு வருவார்கள். அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பது அப்பத்தா. புரொஜெக்டர் ஒன்றே என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே எரிந்து வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகளையும் எரிய எரிய நெருக்கிக்கொண்டிருப்பார். சற்றே அயர்ந்தாலும் இடைவெளி கூடித் திரை மங்கிவிடும், கூட்டம் விசிலடிக்கும்.

தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவார்கள், பின்னால் இருப்பவர்களோடு சண்டை வரும். 1933-இல் நியூஜெர்சியின் கேம்டனில் முதல் டிரைவ்-இன் திறந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் செய்ததும் அதேதான்: முன்சக்கரங்கள் உயர்ந்து நிற்கும்படி வரிசை வரிசையாக மண்மேடு போட்டு, முன்னால் நிற்கும் கார் மறைக்காதபடி செய்தார். அதைப் படித்த நாளில் தாத்தா உயிரோடில்லையே என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

தொலைக்காட்சிதான் கொட்டகையைக் கொன்றது என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை. டூரிங் டாக்கீஸுக்குக் கிடைத்தது தற்காலிக லைசென்ஸ்தான், இடமும் வாடகை இடம். ஆடிக் காற்று கூரையைப் பிய்த்தெறிந்த பிறகு, நாளை நமக்கு உண்டா என்று தெரியாத இடத்தில் ஓடு போடவோ சுவர் எழுப்பவோ எந்தக் குடும்பத்துக்குத் துணிச்சல் வரும்? அப்படியும் தாக்குப்பிடித்திருந்தால், படப்பெட்டியே வராமல் எல்லாம் டிஜிட்டலாக மாறியபோது நின்றிருப்போம். டிஜிட்டல் புரொஜெக்டரின் விலை கீற்றுக் கொட்டகைக்குக் கட்டுப்படியாகாது. அமெரிக்காவிலும் நிலம் விலையேறியபோது பல டிரைவ்-இன்கள் விற்கப்பட்டன. நீ பார்த்த குடும்பம் தாக்குப்பிடித்தது, நிலம் அவர்களுடையதாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது அவர்களிடம் கேட்டு எழுது: நிலம் சொந்தமா, டிஜிட்டல் புரொஜெக்டருக்குப் பணம் எப்படிப் புரட்டினார்கள், பழைய புரொஜெக்டரை என்ன செய்தார்கள்? நம்முடையதற்கு நான் இன்னும் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்றும் சொல்.

அன்புடன்,
அப்பா