கான்ஸ்டன்டைன் செய்யாத வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

ரோமப் பேரரசு பற்றிய கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் கி.பி. 313-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கிவிட்டார் என்று எழுதியிருப்பது சரியல்ல. அந்த ஆண்டு அவரும் சக பேரரசர் லிசினியஸும் மிலானில் ஒத்துக்கொண்டது, அவரவர் விரும்பிய தெய்வத்தை வணங்கலாம், பறிமுதலான தேவாலயச் சொத்துகளைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். குடிமக்கள் அனைவரும் நைசியக் கொள்கையைத்தான், அதாவது நைசியா நகரில் ஆயர்கள் கூடி வகுத்த கிறிஸ்தவக் கொள்கையைத்தான் ஏற்க வேண்டும் என்ற ஆணை 380-இல், முதலாம் தியோடோசியஸ் ஆட்சியில் வந்தது. நடுவில் 67 ஆண்டுகள். அதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. விஷயமே அங்குதானே இருக்கிறது?

321-இல் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக்கினார். சட்டத்தில் இயேசுவின் பெயர் இல்லை. சூரியனின் புனித நாள் என்றுதான் இருக்கிறது. உழவர்களுக்கு மட்டும் விலக்கு, நல்ல பருவம் வீணாகிவிடக் கூடாதே! ஏறக்குறைய அதே சமயத்தில் அவர் பிறப்பித்த இன்னொரு ஆணை, அரண்மனையில் இடி விழுந்தால் பழைய வழக்கப்படி குறி சொல்பவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதைத் தனக்கு எழுதி அனுப்பச் சொல்கிறது. இந்த மனிதரை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

மதம் பரவியதில் நிர்வாகத்துக்கு இருந்த பங்கையும் கட்டுரை தொடவில்லை. அப்போது நகர்மன்ற உறுப்பினர் பதவி என்பது பெரிய தலைவலி. வரி வசூலில் துண்டு விழுந்தால் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்ட வேண்டும். கிறிஸ்தவக் குருமாருக்கு இந்தப் பொறுப்புகளிலிருந்து விலக்கு கிடைத்ததும், வசதியானவர்கள் பலருக்குத் திடீரென்று இறையழைப்பு வந்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே அரசு அதற்குத் தடை போட்டது: பணக்காரர்கள் உலகச் சுமையைச் சுமக்கட்டும், ஏழைகளைத் தேவாலயச் செல்வம் காப்பாற்றட்டும் என்றது சட்டம். அப்படியும் ஓட்டம் நிற்கவில்லை போலும், பின்னால் வந்த பேரரசர்களும் இதே விஷயத்தில் மறுபடி மறுபடி சட்டம் போட்டிருக்கிறார்கள். 438-இல் இரண்டாம் தியோடோசியஸ் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் கடைசிப் பாகமான 16-ஆவது பாகத்தில் இவற்றைப் பார்க்கலாம்.

கிறிஸ்தவத்தால்தான் பேரரசு விழுந்தது என்ற கட்டுரையின் முடிவு, 18-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் கிப்பன் காலத்துச் சரக்கு. அவரே அதைப் பல காரணங்களில் ஒன்றாகத்தான் சொன்னார். 1964-இல் வரலாற்றாசிரியர் ஏ.எச்.எம். ஜோன்ஸ் வரி, படை, சம்பளம், சட்டம் என்று நிர்வாகத்தையே துருவிப் பார்த்து எழுதினார். துறவிகளும் குருமாரும் பொருளாதாரத்துக்குச் சுமை என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் கிழக்குப் பகுதிதான் கிறிஸ்தவத்தில் ஊறியிருந்தது. அது விழாமல் மேற்கு விழுந்தது ஏன் என்று கேட்டார். கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிள் 1453 வரை நின்றதே. கட்டுரையாளர் இதற்குப் பதில் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திருச்சி