ஒரே தரை, மூன்று நிறம்: ஸ்கேன் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் கானாடுகாத்தானில் தம் ஐயா காலத்து வீட்டைப் படமெடுத்து வந்த ஒருவர், நாங்கள் கொடுத்த பிரிண்டுகளில் மூன்றை எங்கள் மேசைமீது வரிசையாக வைத்தார். மூன்றிலும் அதே ஆத்தங்குடித் தரை. ஒன்றில் குங்குமச் சிவப்பு, அடுத்ததில் செங்கல் பொடி, மூன்றாவதில் மங்கிய பழுப்பு. "இதில் எது எங்கள் வீடு?" என்று கேட்டார். தவறு எங்களுடையது. அவர் பிலிம் ரோலை மீண்டும் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டோம். காரணத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

பிலிம் கழுவியதில் கோளாறு இல்லை. கலர் பிலிம் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் என்னும் மருந்து 37.8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். நேரம் 3 நிமிடம் 15 விநாடி. ரோல் முழுவதும் ஒரே மருந்தில் ஒன்றாகக் கழுவப்படுகிறது. கழுவியது பிழை என்றால் எல்லாப் படங்களும் ஒன்றுபோல் கெட்டிருக்கும்.

நிறம் மாறியது ஸ்கேனரில். கலர் நெகட்டிவை, அதாவது கழுவிய பிலிமை, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். படம் விழாத ஓரம்கூட ஆரஞ்சாக இருக்கும். அது கறை அன்று. பிலிமின் சாயங்களில் உள்ள குறையை ஈடுகட்ட, தயாரிப்பிலேயே சேர்த்த நிறம். ஸ்கேனர் அதைக் கழித்துவிட்டு, நெகட்டிவில் தலைகீழாக இருக்கும் நிறங்களைத் திருப்பிப் போடுகிறது. தானியங்கி முறையில் விட்டால், ஒரு படத்தின் நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்று அது கணக்குப் போடுகிறது. சந்தைக்கும் கல்யாணக் கூட்டத்துக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவரும். படம் நிறையச் சிவப்புத் தரையோ கண்டாங்கிச் சேலையோ இருந்தால், சிவப்பு மிகுந்துவிட்டதென்று அதைக் குறைத்துவிடும். அவருடைய மூன்று படங்களில் ஒன்றில் தரை மட்டும், ஒன்றில் தரையோடு சுவர், ஒன்றில் தரையோடு செடிகள். மூன்றுக்கும் மூன்று கணக்கு.

ஆகவே இனி தானியங்கி முறை இல்லை. ஒவ்வொரு ரோலையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்து நிறம் அமைப்பார். ஒப்பிட்டுப் பார்க்கத் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லை வைத்திருக்கிறோம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுண்ணாம்புச் சுவர், காகிதம்போல் நீலம் பாய்ந்த வெள்ளையாக இருக்காது; பாலாடையின் மஞ்சள் லேசாக ஓடும். அந்த மஞ்சள் போய்விட்டால் செட்டிநாட்டு வீடே போய்விட்டது என்பது எங்கள் எண்ணம். இரண்டு நாளில் தந்த ஸ்கேன் இனி நான்கு நாள் ஆகும்; கட்டணம் பழையபடியே.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) நின்று படமெடுக்கும்போது நடுவே இறங்கும் வெயிலைப் பார்த்துக் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்துவிடும். தேக்குத் தூண்கள் கருத்துப்போகும். நிழலில் உள்ள தூணுக்கு அருகே போய் அளவெடுங்கள். அல்லது ISO 400 பிலிமுக்குக் கேமராவில் ISO 200 என்று வையுங்கள்; இருமடங்கு ஒளி விழும். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளியை, அதாவது நான்கு மடங்கு ஒளியைத் தாங்கும். ஒளி குறைந்தால் நிழலில் பதிவே இருக்காது. மணல் மணலாகச் சேறுபோல் வரும், எங்களால் மீட்க முடியாது. உள்ளறையில் டியூப் லைட்டை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். அந்த விளக்கு முகங்களில் பச்சை ஏற்றும். பகல் வெயிலில் நிற்கும் காருக்குள் ரோலை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள்.

ஸ்கேன் கைக்கு வந்ததும் நெகட்டிவை எங்களிடமே விட்டுச் செல்பவர்கள் பலர். கானாடுகாத்தான் வீட்டின் நிறத்தைத் திரும்பப் பெற முடிந்தது நெகட்டிவ் கையில் இருந்ததால்தான். வாங்கிக்கொள்ளாத நெகட்டிவ்கள் ரசீது எண்ணோடு உறையிலிட்டு எங்கள் அலமாரியில் இருக்கின்றன. இதற்குமுன் எங்களிடம் எடுத்த ஸ்கேனில் நிறம் பிசகியிருந்தால், நெகட்டிவைக் கொண்டு வாருங்கள்; கட்டணமில்லாமல் மீண்டும் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஸ்டுடியோவார்,
காரைக்குடி